முட்டுக் கம்பு இல்லாத கூரை

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சௌக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய முழங்காலைக் கேட்டால் அது வேறு சொல்லும். நீ, உன் மனைவி, வாலு மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? வாலுவுக்கு முன்பல் முளைத்ததா, இன்னும் பொக்கைதானா?

போனில் கேட்டால் "ம்", "சரி", "பாக்கலாம்" என்று மூன்றே வார்த்தையில் என்னை அனுப்பிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கதை விடுவதென்றாலும் இதில் முழு வாக்கியமாக விட வேண்டும் அல்லவா?

என் வீட்டுக்கு நீ கூரை கான்கிரீட் போட்டது ஜனவரி பன்னிரண்டு. இருபத்தொரு நாளில், கூரையை அடியில் தாங்கி நிற்கிற முட்டுக் கம்புகளைப் பிரித்துவிடுவேன் என்று நீயே விரல்விட்டு எண்ணிச் சொன்னாய். இன்று ஐம்பதாவது நாள். பக்கத்து மனைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காடு மாதிரி கம்பா நிக்குதும்மா, ஒரு ஆளு நுழைய முடியல" என்கிறார். கம்பு நிற்கிறவரை பூச்சு கிடையாது, ஒயரிங் கிடையாது, தரை கிடையாது. செப்டம்பர் முப்பதோடு எனக்கு வேலை முடிகிறது. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவள் என்று ஒரு மாலையைப் போட்டு, அன்று சாயங்காலமே குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் உன் கம்புகளுக்கு நடுவில்தான் பாய் விரிக்க வேண்டும்.

என்ன தடை என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் வணக்கம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வாலுவுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. அவற்றை வைத்துக்கொண்டு தெருவில் எல்லாரையும் கடிக்கிறாள்.

கூரையைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த வருஷம் குளிர் அதிகம், கான்கிரீட் இறுக நாள் பிடிக்கும். கம்பும் பலகையும் எனக்கு வேறு இடத்தில் தேவைப்படவும் இல்லை. கூடுதல் நாள் நின்றால் பலம்தானே தவிர கெடுதல் கிடையாது.

அத்தானை மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம் என்று சொல்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், வியர்வையில் நனைந்தபடி நலம். குளிராம்! உன் கடிதம் வந்த அன்று எங்கள் வார்டில் மின்விசிறிக்கு அடியில் இருக்கிற கட்டிலுக்குச் சண்டை. எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா?

இன்னொன்று. கம்பும் பலகையும் வேறு இடத்தில் தேவைப்படவில்லை என்கிறாய். உன் கம்பு ஒரு நாள்கூடச் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. ஒரு கூரையில் பிரித்ததும் அடுத்த கூரைக்கு லாரி ஏறிவிடும். நீ வேலைக்குப் போகிறாயா, இல்லையா?

நேரான பதிலாக எழுது.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். வேலை கொஞ்சம் மந்தம். பிரித்துவிடலாம். பார்க்கலாம்.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நன்றாக இருக்க வேண்டும். இதை நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எழுத்துப் பலகையைத் தூரத்தில் வைத்துப் படிக்கச் சொல்வோம். சிலர் ஒரு எழுத்தும் தெரியாமலேயே மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இவர் உங்களுக்கு எழுதுகிற "நலம்" அந்த மாதிரிதான் அண்ணி.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி ஒரு கிடங்கின் கூரையைப் பிரித்தார்கள். அந்தக் கூரையை இரண்டு தவணையாகப் போட்டிருந்தார்கள். பாதியில் கலவை மிஷின் கெட்டுப்போனதால் பின்பக்கத்தை ஒன்பது நாள் கழித்துத்தான் போட்டார்கள். பலகையில் கரியால் எழுதியிருந்தது முன்பக்கத்துத் தேதி மட்டும். இவர் அதைப் பார்த்துவிட்டு முழுவதையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். பின்பக்கம் சரிந்து உட்கார்ந்துவிட்டது. ஆணி அண்ணன் அடியில் இருந்தார். வேலை செய்யும்போது வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பாரே, அவர்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. இடுப்பு எலும்பு உடைந்து, கம்பு ஊன்றி நடக்கிறார்.

அன்றிலிருந்து இவர் கூரைக்கு அடியில் நிற்பதில்லை. தட்டில் சோறு போட்டால் வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். படுக்கையும் அங்கேதான். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரி வாசல் வரை போய், மேலே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஆணி அண்ணனுக்கு என் கையில்தான் பழம் கொடுத்து அனுப்புகிறார். உங்கள் வீட்டுக் கம்பில் இவர் கை வைப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு மேஸ்திரியை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்படிச் செய்தால் இவர் இந்தத் தொழிலுக்குத் திரும்பவே மாட்டார்.

என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 1

தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள் மூன்று பேருக்கும். உன் மனைவி எனக்கு ஒரு வரி எழுதுவதில்லை, நான் கேட்டதாகச் சொல்.

வீட்டு விஷயம் இருக்கட்டும். இப்போது எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். மலையைக் குடைந்து வீடு செய்து வாழ்ந்திருக்கிறார்களாமே, அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க நானும் அத்தானும் டிக்கெட் எடுத்திருந்தோம். அவர் முழங்கால் வர மாட்டேன் என்கிறது. அதைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் போக முடியாது. வாலுவுக்கும் ஒன்று சேர்த்து, டிக்கெட்டை உங்கள் மூன்று பேருக்கு மாற்றிவிட்டேன். மே இருபத்தொன்று. விடுதி, வண்டி எல்லாம் சொல்லியாயிற்று.

எனக்குப் பதிலாகப் பார்த்துவிட்டு வந்து எழுது. போட்டோ வேண்டாம். போட்டோவில் கல் மட்டும்தான் தெரியும். எப்படிக் குடைந்தார்கள் என்று உன் கண்ணால் பார்த்து, எனக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

அக்கா


மே 23

அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? விடுதி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இங்கே மலை என்றால் ஒரே கல். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கிறது. அந்தக் கல்லில் கதவு. ஜன்னல். படி. மாடி, மாடிக்கு மேல் மாடி. தூரத்திலிருந்து பார்த்தால் கறையான் அரித்த பலகையை நிமிர்த்தி வைத்தது போலத்தான் இருக்கிறது. கிட்டே போனால் வாயடைத்துவிடுகிறது. கறையானுக்கு மூலைமட்டம் தெரியாது. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாலு வாசல்களை எண்ண ஆரம்பித்து நூற்று நாற்பதில் சலித்துப்போய் நிறுத்திவிட்டாள்.

எனக்குத் தலைவலி. உள்ளே நாளைக்குத்தான் போக வேண்டும்.

மே 24

நேற்று எழுதியது பொய் அக்கா. தலைவலி ஒன்றும் இல்லை. வாசல் வரை போனேன். அண்ணாந்து பார்த்தேன். வாசலுக்கு மேலே நாற்பதடிக்குக் கல். அடியில் ஒரு உத்தரம் இல்லை, ஒரு கம்பு இல்லை. கால் நகரவில்லை.

இன்றைக்கும் அப்படியே நின்றிருப்பேன். வாலு என் கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். "வெளிய வா வாலு!" என்று நான் போட்ட சத்தம் உள்ளே போய் நாலு தடவை திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் அவள் குரல். "அப்பா, கல்லுலயே அலமாரி இருக்கு! நான் உள்ள உக்காந்துட்டேன்!" உன் தம்பி மனைவி வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். போனேன். குழந்தையை இழுத்துக்கொண்டு வரத்தான் போனேன்.

வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று.

உள்ளே ஒரு கூடம். எங்கள் தெருவில் நாலு வீட்டைச் சேர்த்தால் அவ்வளவு இருக்கும். கட்டில் கல், அடுப்பு மேடை கல், தண்ணீர்த் தொட்டி கல். எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கவில்லை. மலையில் ஏற்கெனவே இருந்த கட்டிலை விட்டுவிட்டு, சுற்றி இருந்ததை எடுத்திருக்கிறார்கள். கட்டிலில் தலை வைக்கிற பக்கம் ஒரு சின்னப் பள்ளம். வாலு அதில் தலையை வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. அவள் வயசுக் குழந்தையின் கட்டில் அது.

அங்கே சாவிக்கொத்தோடு ஒரு அம்மா இருக்கிறார், வீடுகளைத் திறந்து காட்டுகிறவர். நான் அவரிடம், "இவ்வளவு உசரத்துக்குச் சாரம் எப்படிக் கட்டினாங்க?" என்று கேட்டேன். என் தொழில் அதுதானே. அவர் சிரித்துவிட்டார்.

"எதுக்கு சார் சாரம்? இங்க மொதல்ல செய்யறதே கூரைதான். மேல ஒரு ஆள் தவழ்ந்து போற அளவுக்குக் குடைஞ்சு, கூரையச் செதுக்கி முடிச்சிடுவாங்க. கீழ இருக்கிற கல்லுமேலதான் நிப்பாங்க. அப்புறம் ஒரு முழம் கீழ. அப்புறம் இன்னொரு முழம். கடைசியாத்தான் தரை வரும்."

நான் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தலைகீழ். நாம் கம்பு நட்டு, பலகை அடித்து, அதன்மேல் கூரை போட்டு, பிறகு கம்பைப் பிரிக்கிறோம். இவர்களுக்கு அந்த மலை முழுவதும்தான் முட்டு. அதையே கூடை கூடையாக வாரி வெளியே கொட்டியிருக்கிறார்கள். "இந்தக் கூடத்துக்கு எத்தனை நாள் ஆயிருக்கும்?" என்றேன். "நாளா? தாத்தா ஆரம்பிச்சிருப்பாரு, பேரன் முடிச்சிருப்பான்" என்றார். முட்டுப் பிரிக்கவே மூன்று தலைமுறை! நானானால் இருபத்தொரு நாள் எப்போது ஆகும் என்று பலகையையே பார்த்துக்கொண்டிருப்பவன்.

இன்னொரு வீட்டில் கூரைக்கு அடியில் உத்தரம் உத்தரமாக ஓடுகிறது. பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து தட்டிப் பார்த்தால் அதுவும் அதே கல், கூரையோடு ஒட்டியது. மர உத்தரம் மாதிரி செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ கனம்கூட அது தாங்கவில்லை, தாங்குவது போல நடிப்பு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். நான் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று உன் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

கடைசி வீட்டைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அழகான வீடு. ஆனால் கூடத்துக்கு நட்டநடுவே, வாசலுக்கு நேராக, முண்டும் முடிச்சுமாக ஒரு தூண். உள்ளே போகிறவன் அதில் முட்டிக்கொள்ளாமல் போக முடியாது. ஏன் இப்படி என்று கேட்டேன். அந்த அம்மா டார்ச்சை மேலே அடித்தார். கூரையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். "குடையும்போது இதப் பாத்திருக்காங்க. அதான் அந்த இடத்த மட்டும் எடுக்கல" என்றார். அந்த வீட்டில் இருந்தவர்கள் பரம்பரை பரம்பரையாகத் தோளை இடித்துக்கொண்டு போனதில் தூணின் ஒரு பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. இடித்துக்கொண்ட ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது திட்டியிருப்பார்கள்.

அவர்களும் பயந்திருக்கிறார்கள் அக்கா. மலையையே காலி செய்தவர்கள் பயந்திருக்கிறார்கள். ஆனால் அண்ணாந்து பார்த்து, பயப்பட வேண்டிய இடம் எது என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு தூணை விட்டிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் குடைந்து முடித்து, பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். பயந்துபோய் மலையோடு விட்டுவிட்டுப் போகவில்லை.

கூரை தாழ்வாக இருந்த ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. வெகுநேரம் கையை எடுக்க மனசு வரவில்லை.

ஜனவரியில் நடந்த ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போய் எழுதுகிறேன்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவரே வாங்கிப் படித்துவிட்டு, "கூரைய மொதல்ல செஞ்சானுங்களா!" என்று காலையிலிருந்து நடை. முழங்கால் வலி மறந்துவிட்டது போலிருக்கிறது.

ஜனவரி விஷயத்தை நீ எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதே, சொன்னவளைத் திட்டாதே.

ஊசி குத்தும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்று முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், கையை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அடுத்த தடவை தாங்களாக வந்தார்கள். திரும்பிக்கொண்டவர்களை ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

ஆணி அண்ணனைப் போய்ப் பார். பழம் கொடுத்து அனுப்பாதே. நீ போ.

அக்கா


ஜூலை 9

தம்பிக்கு,

முப்பத்தாறு நாள் ஆயிற்று, ஒரு வரி இல்லை. நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான் அதிகம் பேசிவிட்டேனோ? ஊசிக்காரி புத்தி, குத்திவிட்டுத்தான் யோசிக்கும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி உன்னை அந்த மலைக்கு அனுப்பினேன், அது கோபமா? அத்தான் முழங்கால் அப்படி ஒன்றும் மோசமில்லை, அவர் என்னோடு வந்திருக்கலாம். டிக்கெட்டை உனக்கு மாற்ற வேண்டும் என்பது என் யோசனைதான். மன்னித்துக்கொள்.

வீடு கிடக்கட்டும். வாடகைக்கு ஒரு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். கம்பு நிற்கிறவரை நிற்கட்டும். அந்த வீட்டுக்குள் நான் குடிபோகாவிட்டால் ஒன்றும் முழுகிவிடாது. நீ உன் வீட்டுக்குள் போய்ப் படு. எனக்கு அது போதும்.

அக்கா


ஜூலை 17

அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் தம்பியின் அன்பு. கோபம் இல்லை. எழுதுவதற்கு ஒன்று நடக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

உன் ஜூன் மாசத்துக் கடிதம் வந்த அன்றே ஆணி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன், திரும்பிவிட்டேன். மறுநாளும் அப்படியே. பத்து நாள் அந்தத் தெருவில் நடந்ததில் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. பதினோராம் நாள் உள்ளேயிருந்து அவர் குரல்: "மேஸ்திரி, உள்ள வர்றியா, இல்ல நான் கம்ப ஊனிட்டு வெளிய வரட்டுமா?"

போனேன். அழுதேன். அவர் துண்டை நீட்டிவிட்டு, "எனக்கு மாதுளை ஆகாது. அஞ்சு மாசமா அதையே அனுப்புற" என்றார். அப்புறம் அந்த மலை வீடுகளைப் பற்றிச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார். விரிசல் எந்தப் பக்கம் ஓடியது, தூண் எத்தனை அடி கனம் என்றெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்டுவிட்டு, "உங்க அக்கா வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

மூன்று நாள் டார்ச் அடித்துக் கூரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பலகை இடுக்கில், பக்கவாட்டில், மேல்தளத்தில் ஒரு கீறல் இல்லை. பதினாலாம் தேதி காலையில் அவரை ஆட்டோவில் கூட்டிவந்தேன். கம்புகளுக்கு இடையில் பக்கவாட்டாக நுழைந்து நடுக்கூடத்துக்கு வந்தார். "நாற்காலி போடு" என்றார்.

"வேணாம்ணே. நீங்க வெளிய உக்காருங்க."

"வெளிய உக்காந்தா கூரை தெரியாது."

நடுக் கம்பில்தான் முதலில் தட்ட வேண்டும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சுத்தியலை ஓங்கி, இறக்கிவிட்டேன். சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு நீங்க கேட்டீங்க, பின்பக்கத்துக்கும் நாள் ஆயிடுச்சான்னு. நான் திரும்பிக்கூடப் பாக்காம ஆச்சுன்னுட்டேன்."

"கேட்டேன். நானும்தான் பலகையப் பாத்தேன், எனக்கும் அந்த ஒரு தேதிதான் கண்ணுல பட்டுது" என்றார். "இன்னைக்கு நீ கேளு, நான் சொல்றேன்."

கேட்டேன். "நாள் ஆயிடுச்சாண்ணே?"

அவர் அவசரப்படவில்லை. அண்ணாந்து நாலு மூலையும் பார்த்தார். "என்னைக்குப் போட்டது?"

"ஜனவரி பன்னெண்டு. ஒரே தவணை. நூத்தி எம்பத்தி மூணு நாள்."

"கம்பே வேர் விட்டிருக்கும் போல. தட்டு."

தட்டினேன். கம்பு சாய்ந்தது. மேலேயிருந்து பொலபொலவென்று அவர் தலையில் என்னவோ கொட்டியது. நான் கத்திவிட்டேன். அவர் தலையைத் துடைத்துக் கையைப் பார்த்தார். "தூசி. அடுத்தது" என்றார்.

எழுபத்து நாலு கம்பு அக்கா. எழுபத்து நாலுக்கும் நான் கேட்டேன், அவர் சொன்னார். மத்தியானம் பலகையெல்லாம் இறங்கியதும் சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூல் கனம்கூடத் தொய்வு இல்லை. அடியில் ஒன்றுமே இல்லாமல் உன் கூரை நிற்கிறது. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பலகையின் ரேகைகூட அதில் பதிந்திருக்கிறது. அதைச் சரியாகப் பார்க்கலாம் என்று வெறும் தரையில் மல்லாந்து படுத்தேன்.

கண் விழித்தபோது வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. ஆணி அண்ணன் அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமாம். கம்பு ஊன்றி எழுந்தால் சத்தத்தில் நான் முழித்துவிடுவேன் என்று எழுந்திருக்கவே இல்லையாம். இடுப்பு எப்படி வலித்திருக்கும்! வாசலில் உன் தம்பி மனைவி வாலுவின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்க இன்னொரு கை இருப்பது ஞாபகம் வரவில்லை போல.

திங்கட்கிழமை பூச்சு வேலைக்கு ஆள் வருகிறது. வாடகை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் தம்பி